முகமூடி துடைத்தவர்

எங்கள் வீட்டில் அவர் பெயரைச் சொல்ல அம்மா விடமாட்டாள். சொல்லியே தீரவேண்டிய இடத்தில் "கண்ணைக் கெடுத்தவன்" என்பாள். கெட்டது என் கண், இடது கண். ஆகவே அவருக்குப் பெயர் வைக்கும் உரிமை எனக்குத்தான் உண்டு. ஆனால் அம்மாவிடம் வாதாடி யார் ஜெயித்தார்கள்? நானும் இங்கே பெயர் இல்லாமலே எழுதுகிறேன். அம்மாவுக்குப் பயந்து அல்ல. பெயரைப் போட்டால் யாராவது தேடிக்கொண்டு போய் அவரிடம் விசாரிப்பார்கள். அவரும் எதையும் மறைக்காமல், தனக்குச் சாதகமாக ஒரு வார்த்தைகூடச் சேர்க்காமல், முதலிலிருந்து சொல்லத் தொடங்கிவிடுவார். அந்தக் கொடுமை அவருக்கு ஒருமுறை போதும்.

கண்ணமங்கலத்தில் ரோட்டோரமாக ஒரு தகரக் கொட்டகை போட்டு வண்டிகளுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். பைக், கார், எப்போதாவது டிராக்டர். பெயிண்ட் அடிப்பதைவிட அவருக்குப் பெயர் வாங்கிக்கொடுத்தது ஹெட்லைட். வெயிலில் மஞ்சள் பூத்துப்போன ஹெட்லைட் மூடியைக் கொடுத்தால் புதுசு மாதிரித் திருப்பித் தருவார். பெயிண்டைக் கரைக்கும் தின்னரைத் துணியில் தொட்டு ஓர் இழுப்பு, அப்புறம் பாலிஷ், அப்புறம் பனியன் துணியால் தேய்ப்பு. வேலூரிலிருந்துகூட ஆள் வரும். சட்டைப் பையில் எப்போதும் பனியன் துணி இருக்கும். டீக்கடையில் உட்கார்ந்தால் டீக்கடைக்காரரின் மூக்குக்கண்ணாடியைக் கேட்டு வாங்கித் துடைத்துக் கொடுப்பார். பஸ்ஸில் ஏறினால் தான் உட்காரும் ஜன்னலை மட்டுமல்ல, முன் சீட்டுக்காரரின் ஜன்னலையும் எட்டித் துடைப்பார். சிலர் முறைப்பார்கள். "தெரியணும்பா, வெளிய தெரியணும்" என்பார், அதிலென்ன கோபம் என்பது போல.

ஜமுனாமரத்தூர்ப் பக்கம் சென்னைக்காரர் ஒருவர் சாமை விளைந்த நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, சுற்றிலும் வலை கட்டி, பெயிண்ட்பால் மைதானம் போட்டிருந்தார். தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். காற்றழுத்தத்தில் இயங்கும் துப்பாக்கியால் வண்ணக் குண்டுகளைச் சுடும் விளையாட்டு. இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர், நடுவில் பதுங்கிக்கொள்ளக் காற்றடைத்த திண்டுகள். குண்டு உடம்பில் உடைந்து வண்ணம் அப்பினால் அவுட். கண்ணையும் முகத்தையும் மூடும் முகமூடி இல்லாமல் உள்ளே கால் வைக்கக் கூடாது. சனி ஞாயிறுகளில் ஐ.டி. கம்பெனிக் கூட்டம் வந்து கத்திக் கூச்சல் போட்டுச் சுட்டுவிட்டுப் போகும். மைதானத்து ஜீப்புக்குப் பெயிண்ட் அடிக்கத்தான் அவரை மேலே கூப்பிட்டார்கள். பெயிண்ட் காயட்டும் என்று உட்கார்ந்தவர், ஆட்டத்தைப் பார்த்தார். "ஒருத்தன்கூட பாத்து சுடலையே" என்றாராம். அன்றைக்குப் பிடித்தது. ஜீப் காய்ந்து கீழே போய்விட்டது, அவர் போகவில்லை.

தேசியப் போட்டிக்கு இந்த மலையிலிருந்து ஒரு டீம் போகவேண்டும் என்று அவருக்கு யார் சொன்னார்கள் என்று தெரியாது. யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பெங்களூர், மும்பைப் பக்கம் இதற்கென்றே பெரிய மைதானங்களும், பயிற்சியாளர்களும், விமானத்தில் பறந்து வரும் டீம்களும் இருந்தன. இவருக்கு இருந்தது மைதானத்து முதலாளியின் அரைமனச் சம்மதமும் அழுக்கு பனியன் துணியும்தான்.

ஆள் பிடித்த விதமே வேடிக்கை. நான் அப்போது கண்ணமங்கலத்தில் ஒரு செல்போன் கடையில் வேலை பார்த்தேன். சந்தவாசலிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவேன். கல்லூரியில் கபடி ஆடியவள் என்பது ஊருக்கே தெரியும், ஏனென்றால் அம்மா ஊருக்கே புலம்பியிருந்தாள். ஒருநாள் கடை வாசலை ஒரு பஸ் கடந்தது. வாசலில் நின்றிருந்த அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஏம்மா, இப்போ போச்சே பஸ்ஸு, பின்னாடி படில எத்தினி பேர் தொங்கினானுங்க?"

"யாரும் தொங்கல. கண்டக்டருதான் ஒரு கால வெளிய வுட்டுனு நின்னாரு. இன்னாத்துக்குக் கேக்கறீங்க?"

"செருப்பு போட்டிருந்தாரா, ஷூவா?"

"செருப்பு. வார் அந்துபோனது."

அவர் சிரித்தார். மறுவாரமே மலைக்கு வரச் சொன்னார். நான்கு பேரை அவர் இப்படித்தான் பிடித்தார். வேடியப்பன் மட்டும் விதிவிலக்கு. நெல்லிவாசல்நாட்டில் புளியமரம் ஏறுகிறவன். உலுக்கிவிட்டு, எந்தக் கிளையில் எத்தனை காய் நிற்கிறது என்று இறங்காமலே சொல்வானாம். அவனிடம் இவர் கேள்வியே கேட்கவில்லை. கொஞ்ச நேரம் மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, "நாளைலருந்து வந்துடு" என்றார். வேடியப்பன் புளி உலுக்கக் கூப்பிடுகிறார் என்று நினைத்துக் கோணியோடு வந்து நின்றான்.

குண்டுகளை நினைத்த நேரமெல்லாம் சுட எங்களுக்கு வழியில்லை. ஆகவே பாதிப் பயிற்சி குண்டே இல்லாமல். ஓடிக்கொண்டே குண்டு நிரப்பப் பழகப் புளியங்கொட்டை. மல்லாந்து படுத்து, குப்புறப் படுத்து, கண்ணை மூடிக்கொண்டு, துப்பாக்கியின் மேல் தொட்டியில் புளியங்கொட்டையை ஒன்றுகூடச் சிந்தாமல் கொட்டவேண்டும். எனக்கு வாய்த்தது மைதானத்தின் ஓரம். முழங்கால் உயரத் திண்டுகள் பாம்பு போல நீளமாகக் கிடக்கும். அவற்றின் மறைவில் மார்பால் ஊர்ந்து எதிரிகளின் பக்கவாட்டுக்குப் போய்ச் சேர்வது என் வேலை. போய்ச் சேர்ந்தால் எதிர் டீம் காலி. போகும் வழியில் தலையைத் தூக்கினால் நான் காலி. கபடியில் மூச்சைப் பிடித்தவளுக்கு இது பிடித்துப்போயிற்று. இப்போது ஒளிப்பானேன், என் வாழ்க்கையில் அந்த மண்ணில் ஊர்ந்தபோதுதான் நான் யாரென்று எனக்கே பெருமையாக இருந்தது.

அவர் திட்டமாட்டார். பிழை செய்தால் பக்கத்தில் வந்து, "இன்னா பாத்தே?" என்று மட்டும் கேட்பார். பார்க்கவில்லை என்று ஒப்புக்கொண்டால் விட்டுவிடுவார். பார்த்தேன் என்று புளுகினால்தான் முகம் மாறும். ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் ஆளே வேறு. ஒருமுறை மூக்கு அரித்தது என்று விரல் நுழையும் அளவுக்கு முகமூடியைத் தூக்கினேன். சுற்றிலும் யாரும் சுடக்கூட இல்லை. விசில் அடித்து எல்லாரையும் நிறுத்தினார். என்னை வெளியே அழைத்துவந்து அடுத்த பஸ்ஸில் ஏற்றினார்.

"வூட்டுக்குப் போ. மூக்க நல்லா சொறிஞ்சிட்டு அடுத்த வாரம் வா."

பஸ்ஸில் அழுதுகொண்டே மலை இறங்கினேன். அதற்குப்பின் முகத்தில் எறும்பு ஊர்ந்தாலும் என் கை முகமூடிக்குப் போனதில்லை.

எங்கள் முகமூடிகளை அவர் வேறு யாரையும் தொடவிடமாட்டார். மற்ற டீம்களின் பயிற்சியாளர்கள் ஆட்டங்களுக்கு நடுவே பலகையில் அம்புக்குறி போட்டு விளக்கிக்கொண்டிருப்பார்கள். எங்கள் ஆள் குந்தி உட்கார்ந்து ஐந்து முகமூடிகளையும் துடைத்துக்கொண்டிருப்பார். வாயால் ஊதி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, அந்தக் கண்ணாடி வழியாக மலையைப் பார்ப்பார். மலை தெளிவாகத் தெரிந்தால்தான் கையில் தருவார். அதைக் கண்ணாடி என்று சொன்னாலும் நிஜத்தில் கெட்டியான பிளாஸ்டிக். ஹெட்லைட் மூடி எதில் செய்கிறார்களோ அதே பிளாஸ்டிக். வெயிலில் கிடந்த மலிவுக் குண்டுகளின் சாயம் அதில் படிந்தால் லேசில் போகாது. கோடையில் மேலே தண்ணீருக்கும் தட்டுப்பாடு. அவர் கொட்டகையிலிருந்து தின்னர் டப்பாவும் பாலிஷும் கொண்டுவந்தார். எங்கள் முகமூடிகள் மற்றவர்களுடையதைவிடப் பளபளத்தன. எங்களுக்கு அதில் கர்வம்.

தென்மாநிலங்களுக்கான தகுதிப் போட்டியில் ஒன்று நடந்தது. அரையிறுதிக்கு முன்னால் எதிர் டீமைச் சேர்ந்த ஒருவன் தன் முகமூடியைப் பனியனில் தேய்த்துத் தேய்த்துத் திண்டாடிக்கொண்டிருந்தான். இவர் எழுந்துபோய் அதை வாங்கித் துடைத்துக் கொடுத்துவிட்டு வந்தார். எனக்கு ஆத்திரமாக வந்தது.

"இன்னாணா, அவன் என்னத்தான் சுடப்போறான்."

"சுடட்டும்மா. தெரியாம சுட்டான்னா அதுல இன்னா பெருமை கீது?"

அவன் என்னைச் சுடவில்லை. நான்தான் ஊர்ந்துபோய் அவன் விலாவில் வண்ணத்தை அப்பினேன். அன்று ஜெயித்தோம், தேசியப் போட்டிக்குத் தகுதி பெற்றோம். திரும்பி வரும்போது ஜீப்பில் எல்லாரும் பாடிக்கொண்டு வந்தார்கள். அவர் பாடவில்லை. மடியில் முகமூடிகளை வைத்துத் துடைத்துக்கொண்டே வந்தார்.

தேசியப் போட்டிக்கு முன்னால் பயிற்சி ஆட்டத்துக்கு நகரத்து டீம் ஒன்று எங்கள் மைதானத்துக்கு வந்தது. காலையில் பனி விலகி நல்ல வெயில். நான் பாம்பு போல் கிடந்த திண்டுகளின் கடைசி வரை போய்விட்டேன். எதிரே இருந்தவன் வேறு பக்கம் பார்க்கிறான் என்று நினைத்துத் தலையைத் தூக்கினேன். அவன் பார்த்துக்கொண்டிருந்தான். அதில் அவன் தப்பு எதுவும் இல்லை. நானாக இருந்தாலும் சுட்டிருப்பேன். முகமூடியில் குண்டு படுவது எனக்குப் புதிதும் இல்லை. தட்டென்று ஒரு சத்தம் கேட்கும், வண்ணம் வழியும், கையைத் தூக்கிவிட்டு வெளியே நடப்போம். அன்றைக்குச் சத்தம் வேறு மாதிரி இருந்தது. கையைத் தூக்கினேன். வண்ணம் உள்ளே வந்துவிட்டது என்று நினைத்தேன். உள்ளே வந்தது வண்ணம் மட்டும் இல்லை.

குண்டுகள் இன்னும் பறந்துகொண்டிருந்தபோதே அவர் முகமூடி இல்லாமல் உள்ளே ஓடிவந்தார். எங்களுக்கு அவர் சொல்லிக்கொடுத்த முதல் சட்டத்தை அவரே மீறி நான் பார்த்தது அப்போதுதான். பார்த்தேன் என்பதும் பாதிதான். ஜீப்பில் மலை இறங்கும் வளைவுகள் முழுக்க என் தலையை இரண்டு கைகளாலும் அசையாமல் பிடித்துக்கொண்டு வந்தார்.

கண் போயிற்று. வேலூரில் டாக்டர் நல்லபடியாகத்தான் சொன்னார். ஆனால் அதை நல்லபடியாகச் சொல்ல ஒரு வழியும் இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் ஒரு கதை மலையிறங்கி வந்துவிட்டது. நான் ஆட்டத்தின் நடுவில் முகமூடியைக் கழற்றினேன் என்ற கதை. கிளப்பியவர் மைதானத்து முதலாளி. மைதானத்தின் பெயர் கெடக் கூடாது அல்லவா? உடைந்த என் முகமூடியை எடுத்து ஒளித்துவிட்டு, டீமில் எல்லாரும் அப்படியே சொல்லவேண்டும் என்றும் சொல்லிவைத்திருந்தார். அம்மாவும் நம்பிவிட்டாள். கட்டுப்போட்ட கண்ணோடு படுத்திருந்த என் தலைமாட்டில் உட்கார்ந்து, "இன்னாத்துக்குடி கழட்டினே, இன்னாத்துக்குக் கழட்டினே" என்று மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருந்தாள். கழற்றவில்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கே ஒரு கட்டத்தில் சந்தேகம் வந்துவிட்டது. கண் போனதைவிட அந்த நாட்களைத்தான் என்னால் இன்றும் ஜீரணிக்க முடியவில்லை.

அவர் மட்டும் நம்பவில்லை. "அது கழட்டாது" என்றாராம் முதலாளியிடம். கழற்றவில்லை என்றால் அத்தனை கெட்டியான முகமூடி எப்படி உடைந்தது? அதைக் கண்டுபிடிக்காமல் விடுகிற ஆள் இல்லை அவர். வேடியப்பனைக் கூட்டிக்கொண்டு மைதானத்தில் மணல் மூட்டைகளை அடுக்கினார். அதன்மேல் முகமூடிகளை வரிசையாக வைத்தார். ஒருபக்கம் வார இறுதிக் கூட்டத்துக்கு வாடகைக்கு விடும் முகமூடிகள். யாரும் சரியாகக் கழுவாத, கீறலும் கறையுமாகக் கிடந்த முகமூடிகள், அவர் கையே படாதவை. இன்னொரு பக்கம் எங்கள் டீமின் மிச்ச நான்கு. நான் சுடப்பட்ட அதே தூரத்திலிருந்து ஒவ்வொன்றாகச் சுட்டார்.

அழுக்கு முகமூடிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. வண்ணம்தான் வழிந்தது. எங்களுடையவை விரிசல் விட்டன. வேடியப்பனுடையது இரண்டாகவே போயிற்று. வேடியப்பன் தன்னுடையதைக் கையில் எடுத்து, உடைந்த இடம் வழியாக விரலை விட்டுப் பார்த்தானாம். அவர் மணல்மேலேயே உட்கார்ந்துவிட்டார் என்று சொன்னான்.

மறுநாள் இரண்டு பேரும் சந்தவாசலுக்கு வந்தார்கள். அம்மா வாசற்படியிலேயே நிறுத்திவைத்தாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வெளியிலேயே நின்றார். என் கட்டில் அங்கிருந்து தெரியும்.

"அது கழட்டலைங்க. நாந்தாங்க காரணம்."

"நீ இன்னா பண்ணே?" என்றாள் அம்மா.

"தின்னர் போட்டுத் தொடச்சேன். அது பிளாஸ்டிக்க உள்ளயே வெடிக்க வெச்சிருக்குதுங்க. மேல பாலிஷ் போட்டுட்டேன், அதனால கீறல் வெளிய தெரியல."

அம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபின்னும் கத்தவில்லை. மெதுவாகத்தான் கேட்டாள்.

"எல்லார்துமா தொடச்சே?"

"எல்லார்தும்தான். இது முன்னாடி போற ஆளுங்க. இதுக்கு நல்லா தெரியணும்னு இதோடத மட்டும் ரெண்டு வாட்டி தொடப்பேன்."

அம்மா கதவைச் சாத்தினாள். ரொம்ப நேரம் கழித்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் காலைப் பிடித்துக்கொண்டாள். அதன்பின் ஒருநாளும் ஏன் கழற்றினாய் என்று அவள் கேட்கவில்லை.

அவர் அதோடு நிறுத்தவில்லை. முதலாளியிடம் போய், அந்த நகரத்து டீம்காரர்களையும் வரவழைத்து, எல்லார் முன்னாலும் அதையே சொன்னார். முதலாளிக்கு நிம்மதி. பழி போட ஓர் ஆள் தானாகவே வந்து நின்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? அன்றே அவரை மைதானத்தைவிட்டு அனுப்பினார். டீமும் கலைந்தது. தேசியப் போட்டிக்கு எங்கள் இடத்தில் வேறொரு டீம் போனது. வேடியப்பன் புளியமரத்துக்குத் திரும்பினான். கண்ணமங்கலத்துக் கொட்டகையையும் அவர் மூடிவிட்டார். கொஞ்ச காலம் ஊர் ஊராகப் போய், பெயிண்ட்பால் மைதானம் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் வாசலில் நின்று, சோப்புத் தண்ணீரைத் தவிர வேறு எதையும் போட்டுத் துடைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தார். பல இடங்களில் பைத்தியம் என்று நினைத்து விரட்டியிருக்கிறார்கள். இதெல்லாம் வேடியப்பன் சொல்லித் தெரிந்தது.

என்னைக் கேட்பவர்கள் உண்டு, அவர்மேல் கோபம் இல்லையா என்று. இருக்கிறது. நன்றாகவே இருக்கிறது. காலையில் முகம் கழுவும்போது வரும். ஊசியில் நூல் கோக்கும்போது வரும். அவர் சொல்லாமல் இருந்திருந்தால் நல்லது என்றுகூடச் சில சமயம் தோன்றும். எங்கோ முகமூடி செய்கிற முகம் தெரியாத கம்பெனி ஒன்றை நிம்மதியாகச் சபித்துக்கொண்டிருப்பேன். இப்போது சபிக்க வாயைத் திறந்தால், குந்தி உட்கார்ந்து வாயால் ஊதிக் கண்ணாடியைத் துடைக்கும் ஆள் வந்து நிற்கிறார். அலட்சியத்தால் என் கண்ணைக் கெடுத்திருந்தால் மன்னிப்பதோ வெறுப்பதோ சுலபம். அவர் கெடுத்தது அக்கறையால். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? யாராவது சொல்லுங்கள்.

போன வருஷம் கண்ணமங்கலத்தில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். எதிர்ப்பக்கம் போகவேண்டும். இடதுபக்கமிருந்து வரும் வண்டிகள் எனக்கு எப்போதும் தொல்லை. தலையை முழுக்கத் திருப்பினால்தான் தெரியும். திருப்பிவிட்டு முன்னால் பார்ப்பதற்குள் இன்னொன்று வந்துவிடும். தயங்கி நின்றபோது, "நடம்மா, நான் இருக்கறேன்" என்று இடதுபக்கம் ஒரு குரல்.

அவர் குரல் என்று தெரிந்ததும் நின்றுவிட்டேன். அப்புறம் நடந்தேன். என் இடதுபக்கமாகவே கூட நடந்தார். கையை நீட்டி வண்டிகளை நிறுத்தினார் என்று ஹாரன் சத்தத்திலிருந்து தெரிந்தது. எதிர்ப்பக்கம் வந்து சேர்ந்தோம். அங்கேயும் அவர் அதே பக்கத்திலேயே நின்றார்.

"நல்லா கீறியாம்மா?"

"கீறேங்ணா. நீங்க?"

"ம்."

அவர் எப்படி இருக்கிறார் என்று எனக்குப் பார்க்கவேண்டியிருந்தது. இளைத்துவிட்டாரா, நரைத்துவிட்டதா, எதுவுமே தெரியவில்லை. நான் தலையைத் திருப்பியபோது அவரும் இன்னும் கொஞ்சம் பின்னால் நகர்ந்துகொண்டார்.

"அண்ணா, இந்தப் பக்கம் வாங்க. அங்க நின்னா எனக்குத் தெரியாது."

"இருக்கட்டும்மா."

"உங்கள எனக்குப் பாக்கணும்ணா."

நான் அதற்குமேல் திரும்பவில்லை, ரோட்டைப் பார்த்தபடியே நின்றேன். கோபமா அழுகையா என்று எனக்கே தெரியாமல், சொல்லவேண்டும் என்று இத்தனை வருஷம் வைத்திருந்ததையெல்லாம் சொல்லத் தொடங்கினேன். அந்த ஜீப்பில் என் தலையைப் பிடித்துக்கொண்டு வந்ததை நான் மறக்கவில்லை என்றேன். நான் கழற்றவில்லை என்று நம்பிய ஒரே ஆள் நீங்கள்தான் என்றேன். அம்மா சொல்வதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள் என்றேன். சந்தவாசல் பஸ் வந்து நின்றது. நான் பேசிக்கொண்டே இருந்தேன்.

"யார்கிட்டம்மா பேசறே? ஏறும்மா" என்றார் கண்டக்டர்.

முழுக்கத் திரும்பிப் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை. நான் சொன்னதில் எதுவரைக்கும் கேட்டுவிட்டுப் போனார் என்று எனக்குத் தெரியவில்லை.